கிராம் அண்ணன் வீட்டுத் தராசு

சந்தையில் அவருக்குப் பெயர் கிராம் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் மீன்காரருக்கும் தெரியாது, காய்கறிக்காரிக்கும் தெரியாது. சந்தையின் பின்வாசலை ஒட்டி ஒரு கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்து ஊரில் உள்ள தராசுகளை எல்லாம் பழுது பார்த்தார். மேசைமேல் வயிறு திறந்து கிடக்கும் மின்தராசுகள், டப்பா நிறையத் திருகாணிகள், சுவரோரம் எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்கிய இரும்பு எடைக்கற்கள். அந்தக் கற்களை வேறு யாரும் தொடக் கூடாது. கைவியர்வை பட்டால் எடை கூடிவிடுமாம். கூடுமோ கூடாதோ, யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

'ஏறக்குறைய' என்ற வார்த்தை அவருக்கு ஆகாது. மகள் பிறந்த அன்று நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு, ஏறக்குறைய மூணு கிலோ" என்று சொன்னாள். மற்ற அப்பன்மார் அந்த நேரத்தில் அழுவார்கள், சிரிப்பார்கள். இவர், "ஏறக்குறையன்னா எவ்வளவுங்க?" என்று கேட்டார். அவள் முறைத்துக்கொண்டே உள்ளே போய் மறுபடி நிறுத்துவிட்டு வந்தாள். இந்தக் கதையை அவர் மனைவி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "குழந்தை கறுப்பா சிவப்பான்னு கேக்கலை, பெத்தவ இருக்காளா போயிட்டாளான்னு கேக்கலை. கிராம் கணக்குக் கேட்ட மனுஷன் இவர்!" என்பாள்.

அவள் ஒரு பெரிய லாட்ஜின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க விரிப்பு மடிக்கிற வேலை. ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். அவரோ ஊதினால் பறக்கிற உடம்பு. "உங்களை மாதிரி ரெண்டு பேரை மடிச்சு அலமாரியில வெச்சிருவேன்" என்று மிரட்டுவாள். லாட்ஜில் கழித்துக் கட்டிய தடித்தடியான துண்டுகளைத்தான் அந்த வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஒன்று நனைந்தால் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள் லாட்ஜின் மாடிப்படியில் பாதி ஏறியதும் மூச்சு முட்டிப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளுகிற வேலையை அது அரைகுறையாகத்தான் செய்கிறது, அதனால் உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"உப்பைக் குறைங்க. மாத்திரையை விடாதீங்க. முக்கியமா, தினமும் காலையில எடை பாருங்க. ரெண்டு மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லைங்க, தண்ணி. அடுத்த நிமிஷம் இங்க வந்துரணும். லேட்டானா நுரையீரல்ல ஏறிடும், அப்புறம் என் கையில இல்லை. அதோட கால் வீங்குதா, படுத்தா மூச்சு முட்டுதா, அதையும் கவனிங்க."

எடை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருந்து மாத்திரை எல்லாம் அவருக்குப் புரியாத சங்கதி. இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. எடை தெரியும்! பெண்டாட்டியின் உயிரைக் காப்பாற்றத் தன் கைத்தொழிலே போதும் என்று ஆகிவிட்டது. கால், மூச்சு என்று டாக்டரம்மா பிறகு சொன்னதெல்லாம் அந்த மகிழ்ச்சியில் கரைந்துபோனது.

வீட்டுக்கு ஒரு தராசு வாங்கப் போனாரே, அந்தக் கூத்தைக் கடைப் பையன்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பை நிறைய எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு போனார். கண்ணாடித் தட்டுள்ள குளியலறைத் தராசுகளை வரிசையாகத் தரையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கல்லை வைத்து வைத்து எடுத்தார். ஒன்று நடுவில் சரியாகக் காட்டும், ஓரத்தில் வைத்தால் தடுமாறும். இன்னொன்று முந்தைய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, நூறு இருநூறு கிராம் வித்தியாசம் வந்தாலும் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். "இதென்ன தராசா, சோம்பேறியா?" என்று அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் ஒன்று தேறியது.

அதோடு விட்டாரா? வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று அடுத்த ஆராய்ச்சி. மிதியடிமேல் வைத்தால் எண் பொய் சொல்லும். தரை சாய்ந்திருந்தால் பொய் சொல்லும். தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். கூடத்தில் ஓடு மேடு பள்ளம், படுக்கையறையில் ஓடு விரிசல். குளியலறையில், வாஷ்பேசினுக்குப் பக்கத்தில், துண்டு மாட்டுகிற கம்பிக்கு நேர் கீழே, நான்கு கால்களும் ஒரே மட்டமாக உட்காரும் ஓர் இடம் கிடைத்தது. பென்சிலால் நான்கு பக்கமும் கோடு போட்டுவிட்டு, "இதை விட்டு ஒரு விரக்கடைகூட நகரக் கூடாது" என்று சட்டம் போட்டார். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். பின்னாளில் அதையும் நினைத்து நினைத்துப் புழுங்கினார்.

தினமும் காலையில் எழுந்ததும் அவள் கழிவறைக்குப் போய்வந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன்னால், எப்போதும் அதே நைட்டியோடு ஏறி நிற்க வேண்டும். அவர் வாசலில் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து எண்ணைப் படிப்பார். முந்தைய நாள் எண்ணைவிடக் கூடவில்லை என்றால், "பாஸ்!" கூடியிருந்தால், "ஃபெயில்!"

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. மாத்திரை வேலை செய்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரம். தினமும் பாஸ். அவளும் தட்டிலிருந்து இறங்கி, பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி குனிந்து வணக்கம் சொல்லுவாள். அறுபத்தெட்டு கிலோவில் வந்து எடை நின்றது. "இதுதான் உன் எடை. இதுல இருந்து அசையாதே" என்றார்.

உடம்பு என்ன இரும்புக் கல்லா, அசையாமல் இருக்க? ஒருநாள் முந்நூறு கிராம் ஏறும், மறுநாள் இறங்கும். டாக்டரம்மா சொன்னது இரண்டு கிலோ. இவர் முந்நூறு கிராமுக்கே வழக்கு நடத்த ஆரம்பித்தார்.

"ஃபெயில். நேத்து என்ன தின்னே?"

"எல்லாரும் தின்னதைத்தாங்க தின்னேன்."

"பிஸ்கட் டப்பா எங்க இருக்கு? எடு பாப்போம்."

டப்பாவை எடுத்து அதையும் நிறுத்துப் பார்ப்பார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா இன்னைக்கு ஃபெயில்" என்பார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எதற்காவது வந்தால் அவளிடமும் சொல்லுவார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கோபப்பட்டார்.

ஒரு தடவை எடை நிஜமாகவே ஏறியது. ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல், மறுநாள் இன்னும் கொஞ்சம். அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, "நல்லவேளை, உடனே வந்தீங்க" என்றார். அவளிடம் திரும்பி, "நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டீங்கன்னு நினைக்காதீங்கம்மா. சில சமயம் ஒண்ணுமே சாப்பிடலைன்னாலும் தண்ணி சேரும்" என்றும் சொன்னார்.

நல்லவேளை என்றது மட்டும் அவர் காதில் ஏறியது. மற்றது ஏறவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில், அவளைப் பிடித்துக்கொண்டார்.

"வாயைக் கட்ட முடியலையா உனக்கு? பச்சைக் குழந்தையா நீ? நான் ஒருத்தன் உயிரைக் கொடுத்துக் காப்பாத்துறேன், நீ ராத்திரி எழுந்து உப்பு பிஸ்கட்டை மொக்குறே."

"நான் எதையும் தொடலைங்க."

"தராசு பொய் சொல்லாதுடி. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

முன்சீட்டில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய குரல்காரி, லாட்ஜ் மேனேஜரையே வாயடைக்க வைத்தவள், அன்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அழைப்பு. அங்கே இரும்பு விற்க வந்தவர்களுக்கும் கடைக்காரருக்கும் தகராறு. எடை குறைவாகக் காட்டுகிறது என்று அவர்கள் புகார் சொல்ல, தராசு சுத்தம் என்று கடைக்காரர் சத்தியம் செய்ய, நடுவர் மாதிரி கிராம் அண்ணனைக் கூப்பிட்டார்கள். பெரிய தட்டுத் தராசு, சுவரோரமாகக் கிடந்தது. கல்லை வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. தகடுகளை ஏற்றிப் பார்த்தார், குறைந்தது. சுற்றிச் சுற்றி வந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார். ஏற்றுகிற நீளத் தகட்டின் நுனி சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. பாரத்தில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொண்டது.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தாண்ணே" என்று கடைக்காரரின் தோளைத் தட்டிவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அந்தப் பெருமையைச் சொல்லி முடியவில்லை. பஸ்ஸில் நடந்ததிலிருந்து அவள் அதிகம் பேசாமல் இருந்தாள். அன்றைக்கு ஏனோ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஆவலாகக் கேட்டாள்.

"அப்போ தராசுல ஒண்ணும் கோளாறு இல்லையா?"

"தராசு தங்கம். அது தன் மேல விழுற பாரத்தைத்தானே காட்டும்? சுவத்து மேல விழுறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"செங்கல்லு எவ்வளவு தாங்கும், ஒரு கிலோ ரெண்டு கிலோவா?"

"எவ்வளவு சாய்க்கிறியோ அவ்வளவு. இப்போ பாரு, ஒரு ஆள் தராசுல நிக்கிறான்னு வெச்சுக்க. பக்கத்துல இருக்கிற மேசைமேல இப்படிக் கையை ஊணினான்னா போதும். எவ்வளவு அழுத்துறானோ அவ்வளவு குறையும். எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"நீங்க கண்டுபிடிச்சிருவீங்க."

"நான் கண்டுபிடிச்சிருவேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதே இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. எழுந்து நின்று, மேசையில் கையை ஊன்றி, எப்படி என்று செய்தே காட்டினார்.

அதன்பிறகு அவள் ஃபெயிலானதே இல்லை. காலையில் ஏறி நிற்பாள். ஏறும்போதே குளிக்கப் போகிறவள் துண்டை எடுப்பதுபோலக் கம்பியில் கை போகும். அந்தத் தடித்த லாட்ஜ் துண்டின்மேல் கை இருக்கும். அவர் குனிந்து எண்ணைப் பார்ப்பார். அறுபத்தெட்டு. சில நாள் நூறு கிராம் கூட, அதை மட்டும் மன்னித்துவிடுவார்; சில நாள் நூறு கிராம் குறைவு. "பாஸ்!" எண் கீழே இருந்தது, கை மேலே இருந்தது. இரண்டையும் அவர் தினமும் பார்த்தார். ஒன்றைத்தான் படித்தார்.

வீட்டில் பழைய சிரிப்பு திரும்பியது. "க்ளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று அவள் தையல்காரம்மாவிடம் பீற்றிக்கொண்டாள். அவரும் போனில் மகளிடம், "உங்கம்மா திருந்திட்டா" என்றார்.

இடையில் ஒருநாள் துண்டு மாட்டுகிற கம்பி ஆட ஆரம்பித்தது. திருப்புளியை எடுத்து வந்து முறுக்கினார். சில நாள் கழித்து மறுபடி ஆடியது. இந்தத் தடவை சுவரில் புதிதாகத் துளை போட்டு, கட்டை அடித்து, பெரிய திருகாணியாகப் போட்டார்.

"என்னடி மாட்டுறே இதுல, மாட்டையா கட்டுறே?"

"ஈரத் துண்டுங்க. லாட்ஜ் துண்டு கனக்குமில்ல?"

"உன் துண்டைத் தாங்க ரயில் தண்டவாளம்தான் போடணும்" என்றார். அவளும் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

சொல்லப் போனால் எத்தனையோ இருந்தன. ஒரு தலையணையில் படுத்தவள் இரண்டு வைத்துக்கொண்டாள், பிறகு மூன்று. கழுத்து வலி என்றாள். தன் செருப்பை விட்டுவிட்டு அவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். "என் செருப்புமேல என்ன திடீர்ப் பாசம்?" என்று கிண்டல் செய்தாரே தவிர, அந்தச் செருப்புக்குள் இருந்த காலைக் குனிந்து பார்க்கவில்லை. தினமும் காலையில் அந்தக் கால்களுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அவர் மூக்கு இருந்தது. கண் மட்டும் எண்ணைவிட்டு நகரவில்லை.

மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா" என்றாள். "அப்பா, அம்மா முகம் ஊதின மாதிரி இருக்கே."

"எடை ஏறலையே."

"எடை கிடக்கட்டும்ப்பா. கண்ணுக்குக் கீழே பாருங்க."

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'எடை கிடக்கட்டும்' என்று தன் வீட்டிலேயே ஒருத்தி சொல்வதா! போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். கடையிலிருந்து வாரம் தவறாமல் கொண்டுவந்து சரிபார்க்கிற எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார்.

"பாரு. இருபது. இருபதுன்னா இருபதுதான் காட்டுது. இப்போ நாப்பது. ஒரு கிராம் பிசகுதா? சொல்லு."

"அப்பா, நான் மெஷினைச் சந்தேகப்படலை. அம்மாவைப் பாருங்கன்னு சொல்றேன்."

"அம்மா தினமும் பாஸ்மா. உனக்கு என்ன தெரியும்?"

குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்த மனைவி கற்களையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு, "விடுடி. அப்பாதான் டெஸ்ட் பண்ணிட்டாரில்ல" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, பாஸ் என்று சொல்லிவிட்டு அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள், காற்று உள்ளே போகவில்லை. தையல்காரம்மாதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு எடை பார்க்கிற வசதி இருந்தது. டாக்டரம்மா எண்ணைப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

"எத்தனை நாளா எடை பாக்கலை?"

"தினமும் பாக்குறேங்க. இன்னைக்குக் காலையிலகூட. அறுபத்தெட்டு."

"இங்க எழுபத்திரண்டு காட்டுதே ஐயா. நுரையீரல் பூரா தண்ணி."

அந்த இடத்தில் அவர் என்ன கேட்டிருக்க வேண்டும்? பிழைப்பாளா என்று கேட்டிருக்கலாம். என்ன கேட்டார் தெரியுமா? "உங்க கட்டில் தராசைக் கடைசியா எப்போ சரிபாத்தீங்க?" என்று கேட்டார். திரைக்கு அந்தப்பக்கம் அவள் முகமூடிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், இந்தப்பக்கம் நின்று இவர் தராசுக்காக வாதாடுகிறார். டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாலை கொஞ்சம் தெளிந்தாள். முகமூடியை ஒரு நிமிஷம் விலக்க நர்ஸ் அனுமதித்தாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்தத் தராசு என் கழுத்தை அறுத்துடுச்சு. வீட்டுக்குப் போனதும் அதை உடைச்சுக் குப்பையில போடுறேன் பாரு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "அது நல்ல மெஷின்தாங்க" என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, "அதைத் திட்டாதீங்க" என்றாள். அவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் நர்ஸ் வந்து முகமூடியை மாட்டிவிட்டாள். அன்று இரவே அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் அவரும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் கடைக்குப் போகவில்லை. கூடத்தில் பாயை விரித்து, அந்தத் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்கு கால்களிலும் இருந்த, பாரத்தை அளக்கிற உணர்விகளைக் கழற்றினார், கம்பிகளைச் சோதித்தார், பாட்டரியை மாற்றினார், திரும்பப் பூட்டி, கல் வைத்துப் பார்த்தார். இருபது என்றால் இருபது. நாற்பது என்றால் நாற்பது. தன்மேலும் ஏறி நின்று பார்த்தார். மறுபடி பிரித்தார். நாலு கிலோ எங்கே போனது? வேறு எதைக் கேட்டாலும் காதில் விழவில்லை.

"விட்டுருங்கப்பா" என்றாள் மகள். "இனிமே அது சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன?"

"தப்பு இருக்கணும்மா. இல்லைன்னா எப்படி?"

ஒரு காலையில் மகள் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்தவள், ஈரத் தலையோடு கதவைத் திறந்து கூப்பிட்டாள். "அப்பா, இந்தத் துண்டு மாட்டுற கம்பி கையோட வருது."

திருப்புளியை எடுத்துக்கொண்டு போனார். கை தானாகவே வேலை செய்தது. கம்பி ஒரு பக்கம் சுவரைவிட்டு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அடித்த பெரிய திருகாணி வளைந்திருந்தது. துளையைத் துடைத்துப் பார்த்தார். மேல் விளிம்பு அப்படியே இருந்தது. கீழ் விளிம்பு நொறுங்கி, சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்தால் இப்படிப் பெயராது. நேர் கீழாக, நல்ல கனத்தில், மறுபடி மறுபடி அழுத்தினால்தான் இப்படி நொறுங்கும். பாரம் விழுந்த அடையாளத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஈரத் துண்டு என்ன கனம் இருக்கும்? ஒரு கிலோ. ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை இந்தக் கம்பியை முறுக்கியபோதும் இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை. சந்தையில் ஒரு தட்டு சாய்ந்தால் ஏன் என்று கேட்காமல் நகராதவர், தன் வீட்டுச் சுவர் பெயர்ந்ததற்கு மாட்டுக் கதை சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

கம்பிக்கு நேர் கீழே, அவர் பென்சிலால் போட்ட கோடு இன்னும் இருந்தது.

கூடத்துக்குப் போய்த் தராசைக் கொண்டுவந்து கோட்டுக்குள் வைத்தார். கம்பியை மறுபடி துளையில் சொருகி, திருகாணியை முறுக்கினார். தராசில் ஏறி நின்று, அவள் வைக்கிற மாதிரி கையைக் கம்பிமேல் வைத்தார். அழுத்தினார். ஐம்பத்து நாலாக இருந்த எண் ஐம்பத்து மூன்றாயிற்று. இன்னும் அழுத்தினார். ஐம்பத்திரண்டு. நாலு கிலோ குறைய வேண்டும். மணிக்கட்டு நடுங்கியது. எண் நிற்காமல் ஏறி இறங்கியது. கொஞ்சம் தளர்த்தினாலும் ஓடிவிடும். ஒரே அளவாக, ஆடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண் நிலைத்ததும் தராசு எழுப்புகிற சின்ன மணிச்சத்தம் வரும்வரை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். அவருக்கு மூன்று தடவை தவறியது. இதை அவள் தினமும் செய்திருக்கிறாள். இருந்த கொஞ்ச மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும்வரை நின்றிருக்கிறாள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

கம்பி மறுபடி சுவரைவிட்டுப் பெயர்ந்து, அவர் கையோடு வந்தது. அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். "என்னப்பா? விழுந்துட்டீங்களா?"

"தராசுல தப்பில்லைம்மா" என்றார்.

"சரி, விடுங்க. எழுந்திரிங்க."

"டாக்டரம்மா வரச் சொன்னாங்கல்ல, ஏறினா உடனே வாங்கன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேனே." கையிலிருந்த கம்பியை அவளிடம் காட்டினார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கம்மா தண்ணிக்குப் பயப்படலைம்மா. நெஞ்சு நின்னுருமோன்னு பயப்படலை. நான் வந்து குனிஞ்சு பாப்பேனே, அதுக்குத்தான் பயந்திருக்கா."

மகள் கம்பியை அவர் கையிலிருந்து வாங்கினாள். துண்டு கீழே நனைந்து கிடந்தது. அதை எடுத்துப் பிழியப் பார்த்தாள். அவளால் தனியாகப் பிழிய முடியவில்லை. அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.